கிரீன்லாந்து தீவு, ஆஸ்திரேலியா கண்டம்: கோடு எந்த இடத்துல விழுது?

#1 பொருநைக்கரை
எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுவர்ப்படம் ஒன்னு தயாராகுது. அதுல ஒரு வரி இடிக்குது. "பரந்த நிலப்பரப்பு கண்டம், நாலு பக்கமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு"ன்னு எழுதினா, ரெண்டும் ஒன்னையொன்னு விலக்கவே இல்ல. ஆஸ்திரேலியாவுக்கு நாலு பக்கமும் தண்ணிதான். அண்டார்டிகாவுக்கும் அப்படித்தான். கிரீன்லாந்து 21.66 லட்சம் சதுர கி.மீ., ஆஸ்திரேலியப் பெருநிலம் சுமார் 76 லட்சம். நடுவுல எங்க கோடு? 50 லட்சத்துல ஒரு நிலம் இருந்திருந்தா அதை எதுல சேர்ப்பாங்க? பரப்பளவைத் தவிர வேற அளவுகோல் இருந்தா சொல்லுங்க. ஒரு பிள்ளை எழுந்து "ஏன் சார்?"னு கேட்டா, "அப்படித்தான்"னு சொல்லக்கூடாது பாருங்க.

#2 பாளை வரைபடம்
முதல்ல படத்தைச் சரி பண்ணுங்க அண்ணாச்சி. சுவர்ல தொங்குற படம் மெர்க்கேட்டர் வீச்சுல (உருண்டையைத் தட்டைத் தாளுக்கு மாத்துற ஒரு முறை, துருவத்துப் பக்கம் பெருசாக் காட்டும்) இருந்தா கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். நெசத்துல ஆப்பிரிக்கா 3 கோடி சதுர கி.மீ.க்கு மேல, அதாவது 14 மடங்கு. அந்த வீச்சுல பரப்பு எத்தனை மடங்கு பெருகும்னா, அட்சரேகைக் கோணத்தோட கொசைனின் வர்க்கத்தால 1-ஐ வகுக்கணும். நம்ம திருநெல்வேலி 8.7 டிகிரியில இருக்கு, இங்க 2 சதவீதம்தான் கூடும். 60 டிகிரியில 4 மடங்கு. கிரீன்லாந்தின் நடுப்பகுதி 72 டிகிரி, அங்க பத்து மடங்குக்கு மேல. இப்படிப் படத்தைக் காட்டிட்டு "இது தீவு"ன்னு சொன்னா எந்தப் பிள்ளை நம்பும்?

உலக உருண்டையில அளந்து காட்டுங்க. 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில 1 செ.மீ. சுமார் 425 கி.மீ., 1 சதுர செ.மீ. சுமார் 1.8 லட்சம் சதுர கி.மீ. டிரேசிங் பேப்பரைப் போட்டுக் கரையை வரைஞ்சு, கிராஃப் தாள் மேல வச்சு 1 சதுர செ.மீ. கட்டமா எண்ணுங்க. பாதிக்கு மேல நிறைஞ்ச கட்டத்தை ஒன்னா எடுத்துக்கிட்டு, பாதிக்குக் கீழ உள்ளதை விட்டுருங்க. கிரீன்லாந்துக்கு 12, ஆஸ்திரேலியாவுக்கு 42, ஆப்பிரிக்காவுக்கு 168, இலங்கைக்கு அரைக் கட்டம்கூட வராது, 0.36தான். பெரிய கண்டத்துக்கு ஒரே தாளை வைக்காதீங்க. உருண்டை வளைவுல தாள் மடிப்பு விழுந்து கணக்கு குறைஞ்சிரும். உள்ளங்கை அளவுத் துண்டா வெட்டி, நாலஞ்சு தடவையா எடுக்கணும்.

அளந்து பாத்தா ஒன்னு பளிச்சுன்னு தெரியும்: 22 லட்சத்துக்கும் 76 லட்சத்துக்கும் நடுவுல எந்த நிலமும் இல்ல. கடலுக்கு மேல தெரியுற நிலத்தை மட்டும் எடுத்தா அந்த இடைவெளி காலி. அதனாலதான் கோடு எங்கேன்னு யாரும் சண்டை போடாம இத்தனை காலம் ஓடிருக்கு.

#3 கடையம் கருங்கல்
பாளை சொன்ன கணக்கு சரி. ஆனா அது பழக்கத்தை விளக்குதே தவிர காரணத்தைச் சொல்லல. தண்ணியை மறந்துட்டு நிலத்துக்கு அடியில பாக்கணும்.

பூமியின் மேலோடு ரெண்டு வகை. ஒன்னு சியால்: சிலிக்காவும் அலுமினியமும் மிகுந்தது, கிரானைட் சார்ந்தது, பருமன் சராசரி 35 முதல் 40 கி.மீ. இன்னொன்னு சிமா: மக்னீசியம் மிகுந்த பசால்ட், பருமன் 7 கி.மீ. அளவுதான். முதலாவது இலேசு. கிரானைட்டின் அடர்த்தி தண்ணியைப் போல 2.7 மடங்கு, பசால்ட் 3.0, ஓட்டுக்கு அடியிலுள்ள கவசம் (மேன்டில்) 3.3. ஓடு கவசத்துமேல கட்டை தண்ணியில மிதக்குற மாதிரி மிதக்குது. கண்ட மேலோட்டின் சராசரி அடர்த்தியை 2.8ன்னு வச்சா, மிதப்புல 15 சதவீதம் வெளிய நிக்கும். 35 கி.மீ.க்கு அது சுமார் 5 கி.மீ. கடல் மேலோட்டுக்கு 2.9ன்னு வச்சா 12 சதவீதம், 7 கி.மீ.க்கு ஒரு கிலோமீட்டர்கூட வராது. வித்தியாசம் 4 கி.மீ. சொச்சம். கண்டங்களின் சராசரி உயரம் 840 மீட்டர், கடலின் சராசரி ஆழம் 3,700 மீட்டர். கூட்டிப் பாருங்க. கடல்நீரின் பாரத்தையும், தட்டுகளின் (பூமியின் மேற்பாறையில நகருற பெருந்துண்டுகள்) வெப்பத்தையும் விட்டுட்டுப் போட்ட கச்சாக் கணக்குதான், ஆனாலும் விஷயம் விளங்கும்: கண்டம் மேல நிக்கிறது அது பெருசுங்கிறதால இல்ல, பருமனா இலேசா இருக்கிறதால.

வயசும் சாட்சி சொல்லும். பெருங்கடல்களின் தரை எங்க தோண்டினாலும் 20 கோடி ஆண்டைத் தாண்டாது, அடர்த்தி கூடினதால திரும்பக் கவசத்துக்குள்ள புதைஞ்சிரும். கண்டப் பாறை புதையாது. கிரீன்லாந்தின் தென்மேற்குல 370 கோடி ஆண்டுக்கு மேல பழசான பாறை இருக்கு. மேற்கு ஆஸ்திரேலியாவுல கிடைச்ச சிர்க்கான்ங்கிற கனிமப் படிகத்துக்கு 440 கோடி.

வகுப்புலயே ஒரு சோதனை செய்யலாம். கைப்பிடி அளவு கல்லை நூல்ல கட்டி, சுருள் தராசுல நிறுத்துங்க. அப்புறம் வாளித் தண்ணியில முழுசா மூழ்கவிட்டு நிறுத்துங்க. முதல் எடையை, ரெண்டு எடையின் வித்தியாசத்தால வகுத்தா அடர்த்தி. கல் வாளி அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. குமிழ் ஒட்டியிருந்தா எடை குறைஞ்சு காட்டும், கையால துடைச்சு விட்டுட்டு நிறுத்தணும். நாள்பட்டு வெளுத்த கல் வேண்டாம், குவாரியில புதுசா உடைஞ்ச ஜல்லி எடுங்க. நம்ம பக்கத்துக் கருங்கல் பலதும் சார்னோக்கைட்ங்கிற பாறை வகை, 2.7-க்கும் 2.9-க்கும் நடுவுல நிக்கும்.

#4 உவரிக் கடல்
கருங்கல் அண்ணாச்சி அடியில போயிட்டாங்க. கடல் பக்கத்துல இருந்து ஒரு வழி சொல்லுதேன். கண்டம் கரையில முடியல. கரையைத் தாண்டி அதே பாறை தண்ணிக்கு அடியில மெதுவா சரிஞ்சு போகும், அதுதான் கண்டத்திட்டு. சுமார் 200 மீட்டர், நம்ம பாகக் கணக்குல 110 பாகம், அந்த ஆழத்துல சடார்னு சரிவு தொடங்கும். அந்தச் சரிவுதான் கண்டத்தோட நெசமான வேலி.

கூகுள் எர்த்துல கடல் மேல அம்புக்குறியை வச்சா கீழ ஆழம் காட்டும். தீவுக்கும் பக்கத்துக் கண்டத்துக்கும் நடுவுல கோடு இழுத்து, வழியில ஆழத்தை வாசிச்சுக் குறிங்க. இலங்கைக்குப் பாருங்க: பாக் விரிகுடாவுல பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டாது. 20 ஆயிரம் ஆண்டுக்கு முன்னால, பனிக்காலம் உச்சத்துல இருந்தப்போ கடல்மட்டம் 120 மீட்டர் கீழ கிடந்தது. அப்போ இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். அப்போ அது தீவே இல்ல! பிரிட்டன், டாஸ்மேனியா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் இப்படித்தான். கண்டத்தோட திட்டுல ஏறி உக்காந்திருக்கிற மேடு. குறுக்குத்துறைக் கோயிலை வெள்ளம் சூழ்ந்தா நாலு பக்கமும் தண்ணிதான், அதுக்காக ஆத்துப் படுகையை விட்டு அது பிரிஞ்சு போகுமா?

கோடு இழுக்கும்போது குறுகலான இடத்துல இழுக்கணும். தூத்துக்குடியில இருந்து நேரா இலங்கைக்கு இழுத்தா தப்பாயிரும். மன்னார் வளைகுடா தெற்க போகப்போக ஆயிரம் மீட்டரைத் தாண்டும், ரெண்டும் தனித்தனின்னு தோணும்.

#5 இட்டமொழித் தேரி
உவரி தம்பி, உங்க 200 மீட்டர்க் கணக்கை கிரீன்லாந்துக்குப் போட்டுப் பாத்தியளா? கனடாவுக்கும் அதுக்கும் நடுவுல டேவிஸ் நீரிணை. ஆழம் குறைஞ்ச மேட்டுலயே 600 மீட்டருக்கு மேல காட்டுது. உங்க விதிப்படி கிரீன்லாந்து தனிக் கண்டம்னு வருது. இதோட ஐஸ்லாந்தையும் சொல்லணும். லட்சம் சதுர கி.மீ. சொச்சம் பரப்பு இருக்கே, அடியில கிரானைட்டா பசால்ட்டா?

#6 உவரிக் கடல்
நல்ல கேள்வி. 200 மீட்டர் வெப்பநாட்டுக் கடலுக்கும் மிதவெப்பக் கடலுக்கும்தான் பொருந்தும், அதை நான் முதல்லயே சொல்லிருக்கணும். துருவத்துல பனிப்பாளம் நிலத்தை அமுக்கி வச்சிருக்கு, பனியாறுகள் திட்டை உழுது பள்ளம் ஆக்கியிருக்கு. அண்டார்டிகாவின் கண்டத்திட்டு சராசரியா 500 மீட்டர் ஆழத்துல கிடக்கு. அங்க 200-ஐ வச்சா எல்லாமே தனித்தனியா உடையும். துருவத்துக்கு 2,000 மீட்டர்க் கோட்டை எடுத்துக்கிட்டு, அதோட அடிப்பாறையையும் சேர்த்துப் பாக்கணும்.

#7 கடையம் கருங்கல்
தேரி சொன்னது இந்த இழையிலயே முக்கியமான இடம், கொஞ்சம் நின்னு பாப்போம்.

கிரீன்லாந்து உண்மையிலேயே பிரிஞ்சு போகப் பாத்தது. சுமார் 6 கோடி ஆண்டுக்கு முன்னால லாப்ரடார் கடலும் பாஃபின் விரிகுடாவும் விரிஞ்சு, நடுவுல புதுக் கடல்தரை உருவாச்சு. அந்தக் காலத்துல கிரீன்லாந்து தனித் தட்டாவே நகர்ந்தது. 3.5 கோடி ஆண்டுக்கு முன்னால விரிவு நின்னுபோச்சு. இப்போ அது வட அமெரிக்கத் தட்டோட ஒன்னாத்தான் நகருது. வடக்க நேர்ஸ் நீரிணையில ரெண்டு கரையும் குறுகலான இடத்துல 30 கி.மீ.க்கும் குறைவான இடைவெளிதான். பாதி கிழிஞ்சு நின்ன துணி மாதிரி. கிழிசல் முழுசா முடிஞ்சிருந்தா இன்னைக்கு நாம வேற மாதிரி பேசிக்கிட்டிருப்போம்.

ஐஸ்லாந்து நேர் எதிர். அட்லாண்டிக் நடுமலைத்தொடர் மேலயே உக்காந்திருக்கு, அடியில இருந்து கூடுதல் சூட்டுல எரிகுழம்பு ஏறி ஏறிக் குவிஞ்சது. ஓடு பருமன் 25 கி.மீ.க்கு மேல போனாலும் கல் பசால்ட்தான், பழைய பாறையே 1.6 கோடி ஆண்டு அளவுலதான். எவ்வளவு பெருசா வளர்ந்தாலும் அது கண்டம் ஆகாது. அதனால பருமனை மட்டும் பாத்து முடிவு பண்ணக்கூடாது. ஒரு கல்லை மட்டும் பாத்தும் முடிவு பண்ணக்கூடாது: தக்காணப் பீடபூமி மேல பசால்ட் கிடக்கு, அடியில இருக்கிறது கண்டம்.

இன்னொன்னு. "தட்டுக்கு ஒன்னு கண்டம்"னு சிலர் எழுதுதாங்க, அது தப்பு. பசிபிக் தட்டு பெரும்பாலும் வெறும் கடல்தரை. வட அமெரிக்கத் தட்டுல சைபீரியாவின் கிழக்கு மூலையும் பாதி ஐஸ்லாந்தும் கிடக்கு. தட்டு வேற, கண்டம் வேற.

#8 தென்காசிச் சாரல்
கல்லு சொல்லாததைத் தவளை சொல்லும். தவளைக்கும் நன்னீர் மீனுக்கும் உப்புத் தண்ணி ஆகாது, கடல் தாண்டாது. ஒரு தீவுல சொந்தத் தவளை இனமும் ஆத்து மீனும் நிறைய இருந்தா அது எப்பவோ ஒரு கண்டத்தோட ஒட்டியிருந்த நிலம்னு சந்தேகப்படலாம். இலங்கை ஆறுகளில் நம்ம பொருநை மீன்களுக்குச் சொந்தக்கார இனங்கள் உண்டு. கடல் நடுவுல எரிமலையால எழுந்த தீவுல பறவை, வௌவால், பல்லி, காத்துல வந்த விதைதான் முதல் குடிகள்.

இதுக்குச் சிறந்த உதாரணம் சீஷெல்ஸ். இந்தியப் பெருங்கடல் நடுவுல புள்ளிபுள்ளியா இருக்கு, ஆனா முக்கியத் தீவுகள் 75 கோடி ஆண்டுப் பழைய கிரானைட். அங்க உள்ள சின்னத் தவளைக் குடும்பத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் எங்க இருக்கு தெரியுமா? மேற்குத்தொடர்ச்சி மலையில. வருஷத்துல பெரும்பகுதி மண்ணுக்குள்ளயே கிடக்குற ஊதாத் தவளை, 2003-ல தான் அறிவியல் பேர் வச்சாங்க. அதோட தங்கச்சி இனம் ஒன்னை 2017-ல ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில இருந்து விவரிச்சாங்க. கடல் நடுவுல ஒரு தவளை, நம்ம மலையில ஒரு தவளை. நிலம் ஒன்னா இருந்து பிரிஞ்சதை இதைவிடத் தெளிவா எது காட்டும்!

#9 பொருநைக்கரை
எல்லாருக்கும் நன்றி. ஆனா இப்போ மடகாஸ்கர் இடிக்குது. 5.87 லட்சம் சதுர கி.மீ., கண்டப் பாறை. ஆப்பிரிக்காவுக்கும் அதுக்கும் நடுவுல மொசாம்பிக் கால்வாய், குறுகலான இடத்துலயும் 400 கி.மீ. அகலம். திட்டுல ஒட்டல. உயிரினமும் தனி. அப்புறம் ஏன் கண்டம் இல்ல?

#10 கடையம் கருங்கல்
அது குறுங்கண்டம், அதாவது கண்டப் பாறையாலான சின்னத் துண்டு. இங்கதான் பரப்பளவு திரும்ப வருது, ஆனா கடைசிக் கேள்வியா வருது, முதல் கேள்வியா இல்ல. 2017-ல நிக் மார்ட்டிமரும் கூட்டாளிகளும் நியூசிலாந்தைச் சுத்தி மூழ்கிக் கிடக்கிற சீலாந்தியாவைக் கண்டம்னு முன்வச்சு ஒரு கட்டுரை எழுதினாங்க. அவங்க வச்ச சோதனை நாலு: சுத்தியுள்ள கடல்தரையைவிட உயர்ந்து நிக்கணும், சிலிக்கா மிகுந்த தீப்பாறை, உருமாறிய பாறை, படிவுப்பாறைன்னு பல வகை இருக்கணும், ஓடு கடல் மேலோட்டைவிடப் பருமனா, நிலநடுக்க அலை மெதுவா போறதா இருக்கணும், தெளிவான எல்லையோட பெரிய பரப்பா இருக்கணும். பெரிசுக்கு அவங்க சொன்ன வரம்பு 10 லட்சம் சதுர கி.மீ. சீலாந்தியா 49 லட்சம். அதுல 94 சதவீதம் தண்ணிக்கு அடியில. ஆக, முதல் கேள்வியில "50 லட்சத்துல ஒரு நிலம் இருந்தா"ன்னு கேட்டீங்களே, அது இருக்கு அண்ணாச்சி, மூழ்கிக் கிடக்கு.

மடகாஸ்கர் அந்த 10 லட்சத்துக்குக் கீழ நிக்குது. கிரீன்லாந்து பரப்புல தாண்டிருது, ஆனா தனி எல்லை இல்ல, வட அமெரிக்காவின் ஓரம். நியூ கினி ரெண்டுலயும் தோக்குது.

இன்னும் ஒன்னு, பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்க: அந்தக் கட்டுரையின் அளவுகோல்படி, ஆசியாவோட மோதுறதுக்கு முன்னால இந்தியாவும் ஒரு கண்டம்தான். மடகாஸ்கரை விட்டு சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன்னால பிரிஞ்சு, தனியா வடக்க போய், சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன்னால மோதினது. தெற்கு மடகாஸ்கர், இலங்கையின் மத்திய மலைநாடு, நம்ம அகத்தியர் மலை, மூணுலயும் சார்னோக்கைட் உண்டு. 55 கோடி ஆண்டு அளவுல ஒரே சூட்டுல வெந்து உருமாறின நிலம்.

#11 பாளை வரைபடம்
அப்படின்னா ஐரோப்பாவை என்ன செய்யுதது? யூரல் மலையில கோடு போட்டுப் பிரிச்சிருக்கு, ஆனா அங்க கடலும் இல்ல, கண்டத்திட்டும் இல்ல. பாறைக் கணக்குல யூரேசியா ஒன்னுதான். சூயஸ், பனாமா வாய்க்கால்கள் மனுஷன் வெட்டினது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஏழு கண்டம்ங்கிறது வரலாற்றுப் பட்டியல். சில நாடுகளில் ரெண்டு அமெரிக்காவையும் ஒன்னா வச்சு ஆறுன்னு படிக்காங்க. கிரகத்துக்கு வானியலாளர்கள் 2006-ல கூடி வரையறை வச்ச மாதிரி கண்டத்துக்கு யாரும் வைக்கல. தீவுக்கு மட்டும் சட்டத்துல வரையறை உண்டு: 1982 கடல்சட்ட ஒப்பந்தத்தின் 121-ஆம் விதி, இயற்கையா உருவாகி, நீர் சூழ்ந்து, உயர் ஓதத்திலும் நீருக்கு மேல நிக்கிற நிலம். அதுல உச்ச அளவு எதுவும் சொல்லல.

#12 இட்டமொழித் தேரி
உயர் ஓதம்னு சொன்னதும் நம்ம மன்னார் வளைகுடாத் தீவுகள் ஞாபகம் வருது. 21 பவளத்தீவு. அதுல விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் மூழ்கிப் போச்சு. தூத்துக்குடி வான் தீவும் பெருமளவு தேய்ஞ்சுபோச்சு. பவளப்பாரை வெட்டி எடுத்ததுக்குக் கொடுத்த விலை. பவளப்பாரு அலையை உடைக்கும், அந்தப் பாரு போனா மணலு போகும்.

இனி நம்ம பக்கத்துல எல்லாரும் கேக்குற கேள்வி. குமரிக்குத் தெற்க கண்டம் மூழ்கினதா சொல்லுதாங்களே, சீலாந்தியா மூழ்கிக் கிடக்குன்னா குமரிக்கண்டமும் கிடக்கலாமே? மொரீசியஸ் அடியில கண்டம் கண்டுபிடிச்சதா செய்தி வேற வந்தது.

#13 கடையம் கருங்கல்
கேக்க வேண்டிய கேள்விதான். சீலாந்தியா மூழ்கினது ஒரு ராத்திரியில இல்ல. ஓடு இழுபட்டு மெலிஞ்சதால, கோடிக்கணக்கான ஆண்டுல தாழ்ந்தது. தாழ்ந்தாலும் கண்டப்பாறை கண்டப்பாறைதான்: சுத்தியுள்ள தரையைவிட உயரமா நிக்கும், நிலநடுக்க அலையில தெரியும், ஈர்ப்பு அளவீட்டுல தெரியும். மறைக்க முடியாது. இந்தியப் பெருங்கடலின் ஆழ்தரை பசால்ட், அதுல உள்ள காந்தப் பட்டைகளை (பாறை உருவானப்போ பதிஞ்ச பூமிக் காந்தத் திசை) வச்சு எந்தத் துண்டு எப்போ உருவானதுன்னு கணக்குப் போட்டாச்சு. ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரைக்கும் ஒரு நிலம் அங்க மூழ்கிக் கிடக்க இடமில்ல. லெமூரியாங்கிற பேரை 1864-ல பிலிப் ஸ்கிளேட்டர் வச்சது, மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் பொதுவான உயிரினங்களை விளக்கத்தான். அப்போ நிலம் நகரும்னு யாருக்கும் தெரியாது. நகரும்னு தெரிஞ்ச பிறகு நடுவுல அப்படி ஒரு நிலப்பாலம் தேவைப்படல.

மொரீசியஸ் செய்தி உண்மை, தலைப்புதான் பெருசு. அந்த எரிமலைத் தீவுக்கு 90 லட்சம் ஆண்டுதான் வயசு. அதோட குழம்புல 300 கோடி ஆண்டு வரைக்கும் பழசான சிர்க்கான் துணுக்கு கிடைச்சதா 2017-ல எழுதினாங்க. மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிஞ்சப்போ உதிர்ந்த கண்டத் துண்டு அடியில மாட்டியிருக்குன்னு அர்த்தம்.

#14 உவரிக் கடல்
அதுக்காகக் கடல்கோள் நினைவு பொய்யின்னு யாரும் சொல்ல வேண்டாம். 120 மீட்டர் கடல் ஏறினப்போ குமரிக்குத் தெற்க நெசமாவே நிலம் போயிருக்கு. மீன்பிடிக்குப் பேர்போன வாட்ஜ் கரைங்கிற கடலடி மேடு அந்தத் திட்டுலதான் இருக்கு. மன்னார் வளைகுடாக் கரையோரமும் அப்படியே. அது கண்டம் இல்ல, கண்டத்தோட ஓரம். கரையில குடியிருந்தவனுக்கு ஊர் போனா உலகமே போனதுதான்.

#15 தென்காசிச் சாரல்
ஒரு சந்தேகம் பாக்கி. கிரீன்லாந்துப் பனிக்கு அடியில நடுநிலம் கடல்மட்டத்துக்குக் கீழ கிடக்கு. அண்டார்டிகாவின் மேற்குப் பகுதியும் அப்படி, பனியை எடுத்தா தீவுக்கூட்டம்தான் தெரியும்னு படம் போடுதாங்க. அப்போ அண்டார்டிகாவே கண்டம் இல்லன்னு ஒரு பிள்ளை சொல்லிராதா?

#16 கடையம் கருங்கல்
பனியை எடுத்தா பாரமும் போகும், நிலம் எழும். பனியின் அடர்த்தி 0.92, கவசம் 3.3. அதாவது பனிப் பருமனில் கால் பங்குக்கு மேல நிலம் மேல வரும். 3,000 மீட்டர் பனி கிடந்த இடம் காலப்போக்குல 800 மீட்டர் எழும். பல ஆயிரம் ஆண்டு ஆகும், ஸ்காண்டிநேவியா இன்னும் எழுந்துக்கிட்டிருக்கு. பனியை மட்டும் எடுத்துட்டு நிலத்தை அப்படியே விட்டு வரைஞ்ச படம் பாதிக் கதை. அண்டார்டிகாவின் கிழக்குப் பாதி பெரிய பழைய கண்டம், அது எப்படிப் பாத்தாலும் நிக்கும்.

#17 பொருநைக்கரை
சுவர்ப்படத்துக்கு இப்படி எழுதலாமா: "கண்டம் என்பது பருமனான, இலேசான பாறையாலான பெரிய நிலத்திட்டு, தனக்கென ஆழ்கடல் எல்லை உடையது, அதன் ஓரங்கள் கடலுக்கு அடியிலும் இருக்கும். தீவு என்பது நீர் சூழ்ந்த நிலம். அது ஒரு கண்டத்தின் ஓரமாகவோ, உடைந்த துண்டாகவோ, எரிமலையாகவோ, பவளமாகவோ இருக்கலாம். ஐரோப்பாவும் ஆசியாவும் வழக்கத்தால் பிரிக்கப்பட்டவை."

#18 பாளை வரைபடம்
நல்லா இருக்கு. "பெரிய" பக்கத்துல எண்ணைப் போடாதீங்க. 10 லட்சம்ங்கிறது ஒரு கட்டுரையின் முன்மொழிவு, தேர்வுல பிள்ளை அதை விதியா எழுதிரும்.

#19 உவரிக் கடல்
நிறம் அடிக்கும்போது கரையோட நிறுத்தாம திட்டு விளிம்பு வரைக்கும் வெளிர் நிறத்துல இழுங்க. இலங்கைக்கு இந்தியாவின் நிறம். நியூ கினிக்கும் டாஸ்மேனியாவுக்கும் ஆஸ்திரேலியாவின் நிறம். சுமத்ரா, ஜாவா, போர்னியோ, பாலி ஆசியாவோட. பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவுல 35 கி.மீ.தான், ஆனா அந்த நீரிணை ஆழம், அங்க ஆசியத் திட்டு முடியுது. சுலவேசியை எந்த நிறத்துலயும் சேர்க்காதீங்க, பல இடத்துத் துண்டுகள் ஒன்னா முட்டி ஒட்டினது. அதைக் கோடுபோட்டு விட்டுருங்க, பிள்ளைகளே ஏன்னு கேப்பாங்க.